புதுப் பெட்டிக்கு நூறு வயது

கேள்வி: காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் ஆறு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். வயது 27. அப்பா முதலாளி வீட்டில் கார் ஓட்டினார். அவர் இறந்த பிறகு என்னை பி.காம். படிக்க வைத்ததும், படிப்பு முடிந்ததும் கடையில் வேலை கொடுத்ததும் முதலாளிதான். இப்போது இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. எங்கள் பட்டறையில் போன மாதம் செய்த மரப்பெட்டிகளுக்கும் பித்தளைச் சாமான்களுக்கும் ‘நூறாண்டுப் பழமையானது, செட்டிநாட்டு வீட்டிலிருந்து பெறப்பட்டது’ என்று சான்றுச் சீட்டு கொடுக்கிறோம். கடைக்காக அதில் கையெழுத்துப் போடுவது நான். இன்னொரு பக்கம், உண்மையிலேயே பழைய நிலைக்கதவு ஒன்றை வெளிநாட்டுக்காரர் வாங்கியிருக்கிறார். அதற்குப் ‘புதிய மரக் கைவினைப் பொருள்’ என்று பில் போடச் சொல்கிறார் முதலாளி. அடுத்த வாரம் வியாழக்கிழமை தூத்துக்குடிக்கு லாரி ஏறுகிறது. கேட்டால், ‘எல்லாக் கடையிலும் நடப்பதுதான், நீ எழுதுகிற ஆள்தானே’ என்கிறார். சொன்னதை எழுதியவள் மேல் தவறு வருமா? உப்பிட்டவரிடம் போய் எப்படி மறுத்துப் பேசுவது? அம்மாவும் தம்பியும் என் சம்பளத்தில்தான் இருக்கிறார்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

தவறு உங்கள் மேலும் வரும். வேறெதையும் எழுதும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும். உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். முழுக் கடிதத்தில் ‘நான் எழுதுகிற ஆள்தான்’ என்ற வாக்கியம் நான்கு இடங்களில் வருகிறது. முதலாளி சொன்ன சொல்லை நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்ளத் தொடங்கிவிட்டீர்கள். அது உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி இன்னொரு சீட்டில் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

கணக்கைப் பொய்யாக எழுதுவது பற்றி பாரதிய நியாய சன்ஹிதாவில் 344-ஆம் பிரிவு இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 477ஏ. அந்தப் பிரிவு எழுத்தர், அலுவலர், பணியாளர் என்று உங்களைப் போன்றவர்களைப் பெயர் சொல்லித்தான் தொடங்குகிறது. ஏமாற்றும் எண்ணத்தோடு, தெரிந்தே கணக்கையோ ஆவணத்தையோ பொய்யாக்கும் பணியாளருக்கு ஏழாண்டு வரை சிறை உண்டு. வாங்குபவரை ஏமாற்றிப் பணம் பெறுவதற்கு 318-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. ‘முதலாளி சொன்னார்’ என்பதை நீதிமன்றம் கேட்டுக்கொள்ளும், தண்டனையில் ஒருவேளை தயவு காட்டும். ஆனால் அந்தப் பெட்டி போன மாதம் செய்தது என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

நிலைக்கதவு இதைவிட அவசரமானது. தொல்பொருட்கள், கலைக் கருவூலங்கள் பற்றிய சட்டம் 1972-ல் இயற்றப்பட்டு, 1976 ஏப்ரல் 5-ல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், கைவினை வேலைப்பாடு எல்லாம் அதில் தொல்பொருள். கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருள் என்று அந்த வரையறை தனியாகவே சொல்கிறது. செட்டிநாட்டுக் கதவும் தூணும் உத்திரப் பலகையும் வேறென்ன? இவற்றைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அனுப்பினாலோ அனுப்ப முயன்றாலோ குறைந்தது ஆறு மாதமும் அதிகபட்சம் மூன்றாண்டும் சிறை, கூடவே அபராதம். உள்நாட்டிலேயே தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். உங்கள் கடைக்கு அது இருக்கிறதா என்று கடிதத்தில் இல்லை. முதலில் அதைப் பாருங்கள்.

ஆனால் இங்கே ஒரு நியாயமான வழியும் இருக்கிறது. நம் பக்கத்துப் பெரிய வீடுகள் எல்லாம் ஒரே காலத்தில் எழுந்தவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி 1940-கள் வரை கட்டிக்கொண்டே இருந்தார்கள். 1905-ல் கட்டிய வீட்டுக் கதவு சட்டப்படி தொல்பொருள். 1938-ல் கட்டிய வீட்டுக் கதவு இன்னும் நூறைத் தொடவில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். சில வீடுகளில் கட்டிய ஆண்டை முகப்பிலேயே பொறித்திருப்பார்கள். இல்லாவிட்டால் பங்காளிகளில் மூத்தவர் யாரையாவது கேட்டால் புதுமனை புகுந்த ஆண்டைச் சொல்வார். வயது நூறுக்குக் கீழ் என்று முதலாளி நம்பினால், இந்தியத் தொல்லியல் துறையிடம் பொருளைக் காட்டி ‘இது தொல்பொருள் அல்ல’ என்ற சான்று வாங்கிக்கொண்டு நேர் வழியிலேயே அனுப்பலாம். அதற்கு நாளாகும். லாரி வியாழக்கிழமை போகக் கூடாது, அவ்வளவுதான். நூறைத் தாண்டிவிட்டது என்றால் அந்தக் கதவு நாட்டை விட்டுப் போக வழியே இல்லை. வாங்கியவரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் காரணத்தைச் சொல்வதுதான் செய்யக்கூடியது. துறைமுகத்தில் சிக்கினால் பணமும் பொருளும் இழப்பது அவரும்தான்.

சட்டத்தை எழுதிவிட்டேன். இனி எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1986-ல் நான் ஒரு ஆடிட்டரிடம் பயிற்சியில் இருந்தேன். வேறோர் ஊரில் தானிய மண்டி ஒன்றில் இருப்பைச் சரிபார்க்க அனுப்பினார். சித்திரை வெயில், தகரக் கூரை, மூச்சு முட்டும் தூசு. முன்வரிசை மூட்டைகளை எண்ணினேன், இரண்டைக் குத்திப் பார்த்தேன், நல்ல உளுந்து. மண்டிக்காரர் ‘பின்னாலும் இதேதான் தம்பி, சாப்பிட வாருங்கள்’ என்றார். போனேன். ‘முழு இருப்பும் நேரில் எண்ணிப் பார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆடிட்டர் ‘பார்த்தாயா?’ என்று கேட்டபோது ‘பார்த்தேன்’ என்றேன். அந்தத் தாளை வைத்து வங்கி கடன் கொடுத்தது. ஓராண்டு கழித்து வங்கியிலிருந்து வந்து பார்த்தபோது பின்வரிசைகளில் இருந்தது உமி.

மண்டிக்காரர் வங்கியோடு ஏதோ பேசித் தீர்த்துக்கொண்டார். என் ஆடிட்டர் என்னை வெளியேற்றாமல் பெருந்தன்மையோடு நடந்துகொண்டார். மாட்டிக்கொண்டவர் மண்டியின் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், இருந்த கணக்குப்பிள்ளை. முதலாளி சொன்ன எண்ணிக்கையை இருப்புப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் மேல் வழக்குப் பதிவாகி, நான்கு ஆண்டுகள் நீதிமன்றத்துக்கு நடந்தார். சாட்சி சொல்லப் போன அன்று வராந்தாவில் என்னிடம் வந்தார். கோபம் எதுவும் இல்லை. ‘நீங்கள் எண்ணிப் பார்த்தீர்கள் அல்லவா தம்பி?’ என்று மட்டும் கேட்டார். நான் எண்ணிவிட்டேன் என்ற தைரியத்தில்தான் அவர் தம் சந்தேகத்தை விழுங்கிக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

உங்கள் சான்றுச் சீட்டையும் அப்படி நம்பி யாரோ ஒருவர் எதையோ முடிவு செய்கிறார். அந்தப் பெட்டியை வாங்கியவர் அதைத் தம் மகளுக்குக் கொடுத்து ‘நூறு வருஷத்துச் சாமான்’ என்று சொல்லியிருப்பார். மகள் அதை விற்கப் போகும் நாளில் யார் பெயர் அதில் இருக்கும்? ‘கடைக்காக’ என்ற சொல்லுக்குக் கீழே உங்கள் பெயர்தான்.

இப்போது நன்றிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் கனமான பகுதி இதுதான், இதை லேசாகத் தாண்டிப் போகக் கூடாது. அப்பா இறந்த வீட்டில் ஒரு பெண்ணைப் படிக்க வைப்பது சாதாரண உதவி இல்லை. முதலாளி நல்லது செய்தார். அது கடன்தான், வாழ்நாளுக்கும் மறக்கக் கூடாத கடன். அந்தக் கடனை எந்த நாணயத்தில் திருப்பிக் கொடுப்பது என்பதில்தான் நாம் குழம்புகிறோம். உழைப்பால் கொடுக்கலாம், ஆறு ஆண்டுகளாகக் கொடுத்திருக்கிறீர்கள். அவருக்கு உடம்புக்கு முடியாதபோது போய் நிற்கலாம். மனம் ஆறாவிட்டால் கல்லூரிக் கட்டணத்தைக் கணக்குப் போட்டு மாதாமாதம் கொஞ்சமாகத் திருப்பக்கூடச் செய்யலாம், அவர் வாங்க மறுத்தாலும். ஆனால் உங்கள் கையெழுத்தை நம்பிப் பணம் கொடுக்கும் மூன்றாம் மனிதரின் பணத்தில் உங்கள் நன்றிக் கடனைத் தீர்க்க உங்களுக்கு உரிமை இல்லை. அவர் உங்கள் முதலாளிக்கு எதுவும் கடன்பட்டிருக்கவில்லை.

நம் மண்ணின் பழக்கத்தைக் கொண்டும் இதைச் சொல்லலாம். என் தாத்தா பர்மாவில் செட்டியார் வட்டிக்கடை ஒன்றில் அடுத்தாளாக, அதாவது கடையை நடத்தும் மேலாளுக்கு அடுத்த நிலையில், இருந்தவர். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாவதற்குள் யுத்தம் வந்துவிட்டது. முதலாளி இங்கே ஊரில், பெட்டிப் பணம் கடலுக்கு அப்பால். இடையில் இருந்தது குறிப்பும் பேரேடும் ஐந்தொகை என்ற வரவு செலவுச் சுருக்கமும்தான். ஒரு தம்பிடி இடித்தாலும் ராத்திரி விளக்கு அணையாது என்பார். 1930 வாக்கில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அத்தனையும் ஆளை நம்பியும் ஏட்டை நம்பியும் நடந்தவை. அந்த நாணயத்தை நினைக்கும்போது எனக்கு இன்றும் பெருமைதான்.

ஆனாலும் தாத்தா ஓர் உறுத்தலை வைத்துக்கொண்டே இறந்தார். 1930-களில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் கட்ட முடியவில்லை, நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் செட்டியார்களிடம் இருந்த விளைநிலம் 1930-ல் ஆறு சதவீதம், 1938-ல் நான்கில் ஒரு பங்கு. நிலத்தைத் தேடிப் போனவர்கள் இல்லை அவர்கள், பணத்தைத்தான் கேட்டார்கள். இருந்தாலும், ‘முதலாளிக்குக் கணக்குக் காட்டினோம், அந்தக் குடியானவன் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை’ என்று தாத்தா சொல்வார். கடைக்குள் அப்பழுக்கில்லாத நேர்மை, கடைக்கு வெளியே நிற்பவரைப் பற்றி நினைப்பே இல்லை. உங்கள் முதலாளி உங்களிடம் எதிர்பார்க்கும் நேர்மையும் இதுதான். கல்லாவில் ஒரு ரூபாய் குறையக் கூடாது, வெளியே போகும் சீட்டில் என்ன இருந்தாலும் சரி. இந்தப் பாதி நேர்மையை நம் தலைமுறையாவது முழுமையாக்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

பக்கத்திலேயே ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிறவர்களைப் பாருங்கள். கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். சூளையே இல்லை. பல வடிவங்கள் தாத்தா காலத்தவை, கல் நேற்றுச் செய்தது. ‘இது புதுக் கல், எங்கள் கையால் ஊற்றியது’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள், வாங்குகிறவர் தேடி வந்து வாங்குகிறார். உங்கள் பட்டறையில் பெட்டி செய்யும் ஆசாரியின் கையும் அப்படிப்பட்ட கைதான். புளியும் தேயிலைச் சாயமும் புகையும் ஏற்றி அவர் வேலையை இன்னொருவர் பாட்டன் வேலையாக்குவதில் அவருக்கும் அவமானம் இருக்கிறது. அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பொய்யை நிறுத்துவது இருக்கட்டும், எதை எழுதுவது? தணிக்கையாளனாக நான் சொல்ல முடிந்தது இது. விற்பனைச் சீட்டில் வரும் பொய், கொள்முதலில் சீட்டு இல்லாததால் வருகிறது. பழம்பொருள் கடைகளில் வாங்கும்போது பெரும்பாலும் காகிதமே இருக்காது. வீடு ஒழுகுகிறது, பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், ஊரில் இருக்கும் ஒருவர் தூணை விற்றுவிடுகிறார். மற்றப் பங்காளிகளுக்குத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. இதுவும் உங்கள் கடைக்குள் இருக்கும் வேறொரு பொய், நீங்கள் எழுதாவிட்டாலும். ஆகவே வாசலில் வந்து இறங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், ஒரு புகைப்படம், எந்த ஊர், யார் விற்றார், அவருடைய கையெழுத்து, விலை, பங்காளிகள் சம்மதம், வயது பற்றி விற்றவர் சொன்னது என்று ஒரு சீட்டுப் போடுங்கள். விற்கும்போது அந்தச் சீட்டில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். ‘கானாடுகாத்தான் வீடு ஒன்றிலிருந்து பெற்றது. வீடு 1920-களில் கட்டியது என்று விற்றவர் கூறினார். வயதை நாங்கள் உறுதி செய்யவில்லை.’ பட்டறைப் பொருளுக்கு, ‘பழைய பாணியில் எங்கள் பட்டறையில் செய்தது’, கூடவே ஆண்டு. இதனால் வியாபாரம் பெருகும் என்று முதலாளிக்கு ஆசை காட்டாதீர்கள். குறையலாம். பாதி விலைக்குத்தான் போகும் பெட்டியைப் பாதி விலைக்கு விற்பதுதான் முறை.

முதலாளியிடம் எப்படிப் பேசுவது? காலையில் கடை திறக்கும் முன், தனியாக. வேலையாட்கள் எதிரில் வேண்டாம், தொலைபேசியிலும் வேண்டாம். உங்களைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த, முதலாளி வீட்டு ஆச்சியிடம் முதலில் போய்ச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வீட்டுப் பெண்கள் மூலம் வந்தால் அவருக்கு அது தலைகுனிவாகிவிடும், பிறகு விஷயத்தைக் கேட்க மாட்டார். நேராக நீங்களே போங்கள். ‘ஐயா, எனக்கு எழுத்தைக் கொடுத்தது நீங்கள். அந்த எழுத்தால் உங்களுக்கு ஒரு கெடுதல் வந்துவிடக் கூடாது. வயதுச் சீட்டில் இனி என்னால் கையெழுத்துப் போட முடியாது. கதவுக்குப் புதுச் சாமான் என்று பில் போடவும் முடியாது. மற்ற எல்லா வேலையும் செய்கிறேன்.’ இதற்கு மேல் வேண்டாம். சட்டப் பிரிவு எண்ணை முதல் பேச்சில் சொல்லாதீர்கள், மிரட்டல் போலக் கேட்கும். அவர் கேட்டால் சொல்லுங்கள். ‘நீ போடாவிட்டால் வேறு ஆள் போடுவான்’ என்பார். அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ‘சரி ஐயா’ என்று சொல்லிவிட்டு உங்கள் மேசைக்குப் போங்கள்.

பேசிய அன்றே வீட்டில் ஒரு நோட்டில் தேதி, நேரம், என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார் என்று எழுதி வையுங்கள். கடையின் ஆவணங்களையோ பில் புத்தகத்தையோ வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். அது வேறொரு குற்றச்சாட்டுக்கு இடம் கொடுக்கும்.

வேலை போனால்? போகலாம் என்பதை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன் 41-ஆம் பிரிவுப்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ கொடுக்காமலும் நீக்க முடியாது. மேல்முறையீடும் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடையானால், ஐந்தாண்டு முடித்த உங்களுக்குப் பணிக்கொடையும் சேரும். கோபத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு மாதச் செலவுக்காவது பணம் ஒதுக்கி வைத்துவிட்டு, இன்றிலிருந்தே வேறு இடங்களில் விண்ணப்பம் போடத் தொடங்குங்கள். சரக்கு, சேவை வரிக் கணக்கு தெரிந்த ஆறாண்டு அனுபவம் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் விலை போகும். உங்கள் தம்பிக்கு வயது இருபது என்று எழுதியிருந்தீர்கள். அவனிடமும் நிலைமையைச் சொல்லுங்கள். வீட்டுப் பாரத்தை நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டும் என்று யார் சொன்னது?

ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட சீட்டுகள் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பதினான்கு என்கிறீர்கள். இதற்கு என்னால் இங்கே முழுப் பதில் தர முடியாது, ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாமல் ஆலோசனை கிடைக்கும். என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: வாங்கியவர்களின் முகவரி பில்லில் இருக்கிறது. முதலாளியின் மனம் திரும்பினால், அந்தப் பதினான்கு பேருக்கும் கடையே கடிதம் எழுதி, வேண்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரலாம். அதை அவரிடம் முதல் நாளே கேட்காதீர்கள். கையெழுத்தை நிறுத்துவது முதலில், இது இரண்டாவது பேச்சில்.

இந்தப் பதில் அச்சாகி வருவதற்குள் வியாழக்கிழமை கடந்துவிடும். அதனால் கதவு பற்றிய பகுதியையும் வழக்கறிஞரைப் பார்க்கும் விவரத்தையும் நீங்கள் கொடுத்த முகவரிக்கு நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். கிடைத்ததும் இரண்டு வரி எழுதுங்கள். முதலாளி என்ன சொன்னார் என்பதையும்.